விழா நாளும் பேசாக் குழந்தையும்

விழாவைப் போற்றாத இலக்கியம் தமிழில் அரிது. மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் சிலப்பதிகாரத்து இந்திரவிழவு ஊரெடுத்த காதையும் விழாக்கொண்ட நகரை வருணிக்குமிடத்து, அதன் சிறப்பை ஒலியாலும் கூட்டத்தாலும் அளந்து காட்டுகின்றன. முழவு ஓயாமையும் தெருவில் மக்கள் நெருங்கி இயங்குதலும் வளத்தின் அறிகுறிகள். ஒலி அடங்குதல் வளம் குன்றியதன் அறிகுறி. குறுந்தொகையின் 41ஆம் பாட்டு இவ்வளவையை ஓர் உவமை இணையில் அடக்கிவிடுகின்றது. தலைவன் உடனிருக்குங்கால் விழாக்கொண்ட ஊரினர் போல மகிழ்வதாகவும், அவன் பிரிந்தவிடத்து, மக்கள் விட்டு நீங்கிய சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தையுடைய தனித்த வீடு போலப் பொலிவிழப்பதாகவும் தலைவி கூறுகின்றாள். அம்முன்றிலே அப்புலவர்க்குப் பெயரும் ஆயிற்று. விழா மகிழ்ச்சி தரும், ஆளற்ற முற்றம் துயரம் தரும் என்பது ஈராயிரம் ஆண்டுகளாக நம் செவிக்குப் பழகிப்போன கொள்கை.

இக்கொள்கைக்குள் அடங்காத குழந்தைகள் உளர். ஆட்டிசம் உடையவருள் ஏறத்தாழ நூற்றுக்கு 25 முதல் 30 வரையினர் பேச்சு வாராதவராகவோ மிகச் சில சொற்களே உடையவராகவோ இருக்கின்றனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. விழா நாளில் இக்குழந்தைகளுள் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு கதவின் பின் ஒடுங்குவான். மற்றொருவன் புத்தாடையைக் கழற்றி எறிவான். இன்னொருத்தி உறவினர் நிறைந்த கூடத்தின் மூலையில் அமர்ந்து விளக்கின் சுடரையே நோக்கியிருப்பாள். சுற்றத்தார் இவற்றைக் கண்டு, 'நாளும் கிழமையும் தெரியாத பிள்ளை' என்று இரங்கிக் கூறுவர். அக்கூற்று உண்மையா? விழா நாளை அக்குழந்தை எவ்வாறு நுகர்கின்றது என்பதை அறிய நம்மிடமுள்ள எழுத்துச் சான்றுகள் யாவை? அவற்றை எத்துணை நம்பலாம்? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இது மருத்துவ ஆராய்ச்சி அன்று, நூலாராய்ச்சியே. ஆயினும் ஒரு செய்யுளைப் பிழைபடப் படித்தால் புலவர் புகழுக்கே குறை நேரும்; இச்சான்றுகளைப் பிழைபடப் படித்தால் ஒரு குழந்தை ஆண்டுதோறும் துன்புற நேரும். ஆதலின் இங்கு வேண்டப்படும் கவனம் பெரிது.

முதற்கண் பெயரை நோக்குவோம். 'ஆட்டிசம்' என்னும் சொல்லைச் சுவிட்சர்லாந்து நாட்டு உளமருத்துவர் ஆய்கன் புளூலர், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு ஆக்கினார். அவர் அதனை வழங்கியது வேறொரு மனநோயின் ஒரு கூற்றைக் குறித்தற்கு. அதனைக் குழந்தைகளின் தனி நிலை ஒன்றற்குரியதாக 1943இல் எடுத்தாண்டவர் லியோ கானர். சப்பானியர் தான், மூடுதல், நோய் என்னும் மூன்று எழுத்துகளைக் கூட்டி இதற்குப் பெயர் எழுதுகின்றனர். தமிழில் 'மதியிறுக்கம்' என்பர் சிலர். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்னும் தொடர் வழங்கி வருகின்றது. இப்பெயர்கள் யாவற்றுக்கும் பொதுவாயதொரு கருத்து உண்டு: அக்குழந்தை தன்னுள் அடைபட்டுக் கிடக்கின்றது, புறத்தே நிகழ்வது அதற்கு எட்டுவதில்லை என்பதே அது. பெயரிட்ட அளவிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடோ, ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தலை இந்நிலையின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. வெடியோசையைப் பிறர் கேட்பதனினும் பன்மடங்கு மிகுதியாக ஏற்கும் செவியை உடையவனைப் புறவுலகச் சிந்தனை அற்றவன் என்றல் எவ்வாறு பொருந்தும்? நம் அரசுத் தொடரைக் கலைச்சொல் வல்லுநர் மீளவும் ஆராய்தல் வேண்டும். ஈண்டு, பிறமொழிச் சொல்லேயாயினும், தீர்ப்பு வெளிப்படையாகத் தோன்றாத 'ஆட்டிசம்' என்பதனையே ஆள்கின்றோம்.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். தொல்காப்பியச் செய்யுளியல், அகப்பாட்டில் கூற்று நிகழ்த்துதற்குரியார் இன்னார் என வரையறுக்குமிடத்து, ஊரார், அயலார், தந்தை, தமையன் முதலியோர்க்கு நேர்க்கூற்று இல்லை என்றும், அவர் கூறியதாகப் பிறர் கொண்டெடுத்து மொழிதலே உண்டு என்றும் விதிக்கின்றது. பேசாக் குழந்தையைப் பற்றி நாம் படிப்பன பெரும்பாலும் இவ்வகையினவே. மருத்துவர் கொண்டெடுத்து மொழிவர். தாய் கொண்டெடுத்து மொழிவாள். குழந்தையே எழுதியதாக வரும் நூல்களிலும் எழுத்துப் பலகையை ஏந்திய கை ஒன்று அருகே இருந்திருக்கின்றது. அகப்பாட்டில் இக்கட்டுப்பாடு புலனெறி வழக்கால் அமைந்தது. இங்கு உடலின் இயல்பால் அமைந்தது. இவ்வேறுபாட்டை மறவாது மூவகைச் சான்றுகளையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்சு மருத்துவமனையைச் சார்ந்த கானர் 1943இல் வெளியிட்ட கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. அவருள் மூவர் பேச்சு வாராதவர். காற்றின் ஓசை, ஓடும் நீர், தரையைத் துப்புரவு செய்யும் பொறி, விசையால் இயங்கும் பொம்மை ஆகிய எளிய பொருள்களும் இக்குழந்தைகளைப் பெரிதும் நடுங்கச் செய்யும் என்று அவர் பதிவு செய்கின்றார். அவ்வளவில் நில்லாமல், நுட்பமான ஒரு வேறுபாட்டையும் காட்டுகின்றார். குழந்தை அஞ்சுவது ஓசையை அன்று; தன் தனிமைக்குள் கேளாமல் புகும் ஓசையை. அதே அளவு பேரோசையைத் தானே எழுப்பி மகிழவும் அக்குழந்தைக்கு இயலும். விழாவைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்வேறுபாட்டை விட்டுவிடுகின்றனர். அண்டை வீட்டு வெடிக்கு அலறிய சிறுவன் மறுகணமே தட்டைத் தரையில் மோதி ஓசை எழுப்பிச் சிரிப்பதைக் கண்டு, அலறியது அடம் என முடிவு செய்யும் பெரியோரை நாம் யாவரும் அறிவோம். அவ்விரு ஓசைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவில் இல்லை; எழுப்பியவர் யார், எப்பொழுது எழும் என்பதை முன்னரே அறிந்தவர் யார் என்பதில் உள்ளது.

கானரின் பார்வை கூரியது. ஆனால் பெற்றோர் பலர் உள்ளக்கனிவு அற்றவர் என அக்கட்டுரையிலேயே அவர் குறித்த கருத்து பிற்காலத்தே பெருந்தீங்கு விளைத்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அப்பழியை முழுவதும் தாயின் மேல் ஏற்றியது. பெர்னார்டு ரிம்லண்டு 1964இலேயே இந்நிலை உடலியலைச் சார்ந்தது எனக் காரணங்காட்டி நிறுவ முயன்றிருந்தும் பழி உடனே நீங்கவில்லை. இதனை ஈண்டு நினைவூட்டுதற்குக் காரணம் உண்டு. தாயின் கூற்றை ஐயுற்றுப் படிக்குங்கால் அப்பழைய பழியின் நிழல் நம் மேல் படியாதவாறு காத்துக்கொள்ளுதல் வேண்டும்.

தாயர் எழுதியவற்றுள் தலைசிறந்தது கிளாரா கிளெய்பார்ன் பார்க் என்பார் அதே 1967இல் வெளியிட்ட 'தி சீஜ்' என்னும் நூல். தம் மகளை அந்நூலில் எல்லி என்று பெயர் மாற்றிக் கூறுகின்றார். நூலின் தொடக்கத்திலேயே தரையில் ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றித் தவழும் சிறு குழந்தை நம் கண்முன் தோன்றுகின்றது. அக்குழந்தை பிறரைப் பார்ப்பதில்லை, எதனையும் வேண்டுவதில்லை, ஆனால் மகிழ்கின்றது. தாய் அம்மகிழ்ச்சியை மறைக்கவும் இல்லை, அதற்குத் தாமாக ஒரு காரணம் கற்பிக்கவும் இல்லை. கண்டதைக் கண்டவாறு எழுதிக் காணாததை எழுதாது விடும் இவ்வடக்கமே அந்நூலின் பெருமை. விழா நாள் எதுவும் இன்றியே, வெறுந்தரையின்மேல் பிறந்த உவகை அது. தேடித் தேடிப் பொம்மை வாங்கித் தரும் தந்தையர் படிக்க வேண்டிய பக்கம். இதற்கு மாறாக, அண்மைக்காலத்துப் படைப்புகள் பலவும் ஒரு வெற்றியை நோக்கியே நடக்கின்றன. 2013இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' திரைப்படம் ஆட்டிசமுள்ள சிறுவனை அன்புடன் காட்டியது உண்மை. ஆயினும் அவனை நெடுந்தொலை ஓட்டத்தில் நிறுத்தினாலன்றி அக்கதைக்கு முடிவு வாய்க்கவில்லை. விழா நாளில் வெல்வதற்கு எதுவும் இல்லை. அதனாற்போலும் விழா நாள் பற்றிய உண்மையான பக்கங்கள் இத்தகைய படைப்புகளில் குறைவாக உள்ளன.

மூன்றாம் வகைச் சான்றே மிகுந்த வழக்குக்கு இடமானது. மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்தியாய், தாயார் சோமாவின் பயிற்சியால் எழுதக் கற்றவர். இளமையில் அவர் எழுதிய நூலை இங்கிலாந்தின் தேசிய ஆட்டிசச் சங்கம் 2000இல் வெளியிட்டது. சப்பானைச் சேர்ந்த நவோகி ஹிகாஷிடா 13 வயதில் எழுதிய நூல் 2007இல் வெளிவந்து, டேவிட் மிட்செல், கே.ஏ. யோஷிடா இருவராலும் ஆங்கிலமாக்கப்பட்டு 2013இல் 'தி ரீசன் ஐ ஜம்ப்' என உலகெங்கும் பரவியது. மொழிபெயர்ப்பாளர் இருவரும் ஆட்டிசமுள்ள ஒரு மகனின் பெற்றோர். அவர் தம் மகனிடமிருந்து கேட்க விரும்பிய சொற்கள் மொழிபெயர்ப்பில் கலந்தனவோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. இதனினும் பெரிய ஐயம் ஒன்று உண்டு. பிறர் கை தாங்கி எழுத்தைச் சுட்டும் முறையை 1990களில் சோதித்தபொழுது, சிறுவனுக்கு ஒரு படமும் தாங்குவோர்க்கு வேறு படமும் காட்டப்பட்டன. வந்த விடைகள் தாங்குவோர் கண்ட படத்தையே பெயரிட்டன. பலகையை ஏந்திக் காட்டும் முறையையும் சேர்த்து, இவற்றால் வரும் சொற்களை அக்குழந்தையின் சொற்களாகக் கொள்ளலாகாது என அமெரிக்கப் பேச்சு மொழி செவிப்புலச் சங்கம் 2018இல் அறிவித்தது. டிட்டோ தம் கையாலேயே எழுதுகின்றார் என்பதும், ஹிகாஷிடாவின் கையைப் பிறர் தாங்குவதில்லை என்பதும் அவர் தரப்பினர் கூறும் விடை.

இந்நிலையில் திறனாய்வாளர் செய்யத்தக்கது யாது? முழுதும் ஏற்றலும் முழுதும் தள்ளலும் எளிய வழிகள். சுவடிப் பதிப்பாசிரியர் அறிந்த நெறி ஒன்று இங்கே பயன்படும். இரு பாடங்கள் மாறுபடுமிடத்து, எழுதுவோர் தம் மனம்போல் திருத்தி அமைத்த எளிய பாடத்தினும், அவர்க்கு விளங்காது நின்ற அரிய பாடமே மூலத்துக்கு அணுக்கமானது என்பர். அதுபோலப் பெற்றோர்க்கு ஆறுதலளிக்கும் பகுதிகளை, அதாவது 'எங்களைக் கைவிடாதீர்' என்பன போன்ற வேண்டுகோள்களை, நாம் தயங்கியே ஏற்றல் வேண்டும். பெரியோரின் கொள்கைக்கு மாறாக, அவர்க்கு இடையூறாக வரும் பகுதிகளைச் சற்று மிகுதியாக மதிக்கலாம். இந்நெறி உண்மையை நிறுவிவிடாது. எங்கே ஊன்றிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் காட்டும்.

அத்தகைய அரிய பாடம் ஒன்று ஹிகாஷிடாவின் நூலில் விழாவையும் சுற்றுலாவையும் ஒட்டியே வருகின்றது. ஆட்டிசமுள்ள குழந்தைக்கு அன்றாட நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுதல் ஆசிரியர் பலர் கைக்கொள்ளும் முறை. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் தொடங்கி வளர்த்த பயிற்சித் திட்டத்தில் இது இன்றியமையாத பகுதி. பல குழந்தைகட்கு இது பெருந்துணை ஆதலையும் மறுத்தற்கில்லை. விடுமுறையின் இடர் இதனால் விளங்கும். பள்ளி நாளில் மணி அடிக்கும், உணவு வரும், வண்டி வரும். விடுமுறை இவ்வரிசை முழுவதையும் ஒரே நாளில் அழித்துவிடுகின்றது. நமக்கு அது ஓய்வு. அக்குழந்தைக்கோ படி இருந்த இடத்தில் கால் வைக்க அங்கே படி இல்லாமை. ஆதலின் ஆசிரியர் படவரிசையை விடுமுறைக்கும் நீட்டிக்கச் சொல்வர். ஹிகாஷிடாவோ படவரிசை தம்மைக் கட்டிவிடுகின்றது என்கின்றார். வரிசை மாறினால் பதிந்த படம் மாறாது நின்று துன்புறுத்தும் என்பதும், அன்றைய திட்டத்தை வாயால் முன்னரே சொல்லுதல் நன்று என்பதும் அவர் கருத்து. பள்ளிச் சுற்றுலாவுக்குச் செல்லும் இடத்தின் நிழற்படத்தை முன்னரே காட்டிவிட்டால் இன்பம் கெட்டுவிடும் என்றும் கூறுகின்றார். பேச்சு வாராதவன் படத்தை வேண்டாமல் பேச்சை வேண்டுகின்றான். மாற்றத்தை அஞ்சுபவன் புதுமையின் இன்பம் கெடுவதாக முறையிடுகின்றான். இதனை எந்த ஆசிரியரும் தம் விருப்பால் இடைச்செருக மாட்டார். ஒரு சிறுவனின் கருத்தை எல்லாக் குழந்தைக்கும் பொது விதியாக்குதல் தவறு. ஆனால் 'மாற்றம் அனைத்தும் இவர்க்குத் துன்பம்' என்னும் பொது விதியைத் தளர்த்துதற்கு இஃது ஒன்றே போதும்.

இனி, ஐயத்துக்கிடமான கூற்றுகள் யாவற்றையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டாலும் எஞ்சி நிற்கும் சான்று ஒன்று உண்டு. அஃது உடல். சொல்லின்றி உடலால் வெளிப்படும் உணர்ச்சியை இலக்கணத்தின் ஒரு பெரும் பகுதியாக வகுத்துக்கொண்டவர் தமிழர். மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தே எழும் குறிப்பு, உடம்பில் தோன்றும் வேறுபாடு என நான்கு படிகளைக் காட்டுவர். நான்காம் படி ஒன்றே நமக்குப் புலனாவது. மற்ற மூன்றையும் அதனைக் கொண்டு பின்னோக்கி உய்த்துணர வேண்டும். ஆகவே, கண்ணும் செவியும் கூர்மையுற்ற உணர்வுடையோர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் எளிதில் விளங்காது என்னும் கருத்துப்பட அவ்வியல் முடிகின்றது. குறை காணப்படும் குழந்தையிடம் அன்றிக் காண்போனிடமும் இருக்கலாம் என்பது இதனால் பெறப்படும்.

இவ்வளவைக்கொண்டு தீபாவளி நாளை நோக்குவோம். தொல்காப்பியர் புதுமையை மருட்கைக்கு நிலைக்களன்களுள் ஒன்றாகக் கூறினார். நம் குழந்தைக்கோ அறிவிக்கப்படாத புதுமை பெரிதும் அச்சத்தின் பாற்படுகின்றது. விடியுமுன் எழுப்பி எண்ணெய் தேய்த்தல், விறைத்த புதுத்துணி, கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டு, கன்னத்தைத் தொடும் அறிமுகமற்ற கைகள், இவற்றின்மேல் வெடியோசை. விதிப்படி 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல் வரை ஒலிக்கும் வெடிக்கு இசைவு உண்டு. தெருக்குறுகிய ஊர்களில் அத்தொலைவும் கிடைப்பதில்லை. 2018 முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையுமே வெடிக்கலாம் என நேரம் வரையறுக்கப்பட்டு வந்துள்ளது. காற்று மாசு கருதி எழுந்த வரையறை அது. இக்குழந்தைக்கு அதனால் வேறொரு பயனும் விளையக்கூடும். எப்பொழுது தொடங்கும், எப்பொழுது முடியும் என்பதை முன்னரே சொல்ல முடியும். அவ்வரையறை எவ்வளவு காக்கப்படுகின்றது என்பதைப் படிப்போர் அறிவர்.

ஆனால் அதே நாளில், அதே முற்றத்தில், தரைச்சக்கரமும் சுழல்கின்றது. சுழலும் பொருளில் இக்குழந்தைகள் பலர்க்கும் உள்ள ஈடுபாட்டைக் கானர் முதலாக எழுதினோர் யாவரும் குறித்துள்ளனர். வெடிக்கு ஒடுங்கிய சிறுவன் சன்னலின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சக்கரத்தின் ஒளிவட்டத்தைக் கண்டு கைகளை உதறிக் குதித்தால், அது மெய்ப்பாடு. உவகை பிறக்குமிடங்களுள் புலனையும் விளையாட்டையும் தொல்காப்பியர் சேர்த்திருக்கின்றார். கூட்டத்தோடு சேர்ந்து நுகர்ந்தாலன்றி உவகை ஆகாது என அவர் விதிக்கவில்லை. கைகளை உதறுதலைச் சிலர் நோயின் குறியாக மட்டும் எழுதி, அடக்குதற்கு வழி தேடுகின்றனர். அவ்வாறு அடக்கியபின், 'பிள்ளை விழாவில் மகிழவில்லை' என்று எழுதுவதில் பொருளில்லை.

விழாவின் இயல்பையும் நாம் ஒருதலையாகவே கண்டு வந்துள்ளோம். விழா பிற நாளினின்றும் வேறுபட்ட நாள் என்பது மெய். ஆனால் ஆண்டுதோறும் அதே வேறுபாடு மீள்வதே விழா. அதே விளக்கு, அதே இடம், அதே பலகாரம், அதே முறைவைப்பு. ஒரு சடங்கு பிழைபட்டால் பாட்டிக்கு எழும் மனக்கலக்கத்துக்கும், தேநீர்க் கோப்பை இடம் மாறினால் இக்குழந்தைக்கு எழும் கலக்கத்துக்கும் வேறுபாடு வகையில் இல்லை எனத் தோன்றுகின்றது. மாறாமையை விரும்பும் உள்ளத்துக்கு விழா பகையாக இருத்தல் வேண்டா. இடர், அம்மீட்சி ஓராண்டு இடைவெளியில் வருவதும், நெஞ்சில் எண்ணி எதிர்நோக்குதற்கு அக்குழந்தைக்கு நாம் எதுவும் தாராமையுமே. கார்த்திகை மாதம் முழுவதும் மாலைதோறும் ஒரே இடத்தில் அகல் ஏற்றும் வீட்டில் அந்நாள்களுக்கு ஒரு வரிசை கிடைக்கின்றது. தீபாவளியோ ஒரே நாளில் வந்து பாய்ந்து போய்விடுகின்றது.

எனவே, விழாநாள் முடிந்த மறுநாட்காலையையும் எழுதுவோர் பதிவு செய்தல் வேண்டும். நம் நூல்களும் குறிப்புகளும் பயணம் புறப்படுவதில் தொடங்கி, கூட்டத்தில் நேர்ந்த அலறலில் உச்சம் அடைந்து, அங்கேயே நின்றுவிடுகின்றன. விருந்தினர் போய், கூடம் காலியாகி, நாற்காலிகள் தத்தம் இடத்துக்கு மீண்டபின் அக்குழந்தை என்ன செய்தது என்பது எழுதப்படுவதில்லை. குறுந்தொகைத் தலைவிக்குத் துயரின் உவமையாகிய ஆளற்ற முன்றில், அன்று அவனுக்கு எதுவாக இருந்தது?

கானரின் கட்டுரையில் இதற்கு நேரான ஒரு பகுதி உண்டு. ஜான் என்னும் சிறுவனின் பெற்றோர் வீடு மாறுகின்றனர். அவன் பேச்சு உடையவனே. ஆயினும் இந்நிகழ்ச்சியில் அவன் சொல் எதுவும் பதிவாகவில்லை. ஆள்கள் வந்து அவன் அறையின் கம்பளத்தைச் சுருட்டுவதைக் கண்டதும் அவன் கலங்கித் துடிக்கின்றான். புதிய வீட்டில் தன் அறையின் பொருள்கள் முன்போலவே வைக்கப்பட்டிருப்பதைக் காணும்வரை அக்கலக்கம் நீங்கவில்லை. கண்டதும் முகம் மலர்கின்றது; ஒவ்வொரு பொருளாகச் சென்று அன்போடு தட்டிக் கொடுக்கின்றான். கானர் இதனை மாற்றத்துக்கு அஞ்சும் இயல்புக்கு எடுத்துக்காட்டாகவே தந்தார். மேற்கோளாக எடுப்போரும் கம்பளம் சுருட்டிய பகுதியையே பெரிதும் எடுக்கின்றனர். எட்டு மெய்ப்பாட்டுள் அப்பிற்பகுதியை எதன்கண் அடக்குவது என்று நம் மாணவர் ஒருவரை வினவினால், அவர் உவகை என்றே விடை எழுதுவார்.